கரண்ட் கொடுத்தா கெட்டியாகும் எண்ணெய்: நுண்துளைப் பொடிக்கு அதில் என்ன வேலை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து லோடு ஏற்றி வரும் லாரி பள்ளத்தில் இறங்கினால், குலுக்கலை அடக்குவது ஷாக் அப்சார்பரில் உள்ள எண்ணெய்தான். சாலைக்கு ஏற்றபடி அந்த எண்ணெயே நொடிப்பொழுதில் கெட்டியாகி, மறுபடியும் இளகினால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு திரவம் இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவின் வில்லிஸ் வின்ஸ்லோ 1947-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிலிக்கான் எண்ணெய் போன்ற மின்சாரம் கடத்தாத எண்ணெயில் நுண்ணிய பொடியைக் கலக்க வேண்டும். மின்புலம் கொடுத்ததும் ஒவ்வொரு துகளிலும் ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ் உருவாகும். துகள்கள் சங்கிலி மாதிரி கோர்த்துக்கொள்ளும். சில மில்லி நொடிகளில் எண்ணெய் கூழ் போல இறுகும். ஸ்விட்சை அணைத்தால் பழையபடி ஓடும்.

அப்புறம் ஏன் வண்டிகளில் வரவில்லை?

முதல் சிக்கல் தண்ணீர். ஆரம்பத்தில் பயன்படுத்திய ஸ்டார்ச், சிலிக்கா ஜெல் பொடிகளுக்கு கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் வேலை நடக்கும். சூடானால் ஈரம் ஆவியாகி, திரவம் வேலை செய்யாது. ஈரம் அதிகமானால் மின்சாரம் கசியும். கோடையில் 40 டிகிரி வெயிலும், பழவேற்காடு பக்கத்துக் கடல் காற்றும் சேர்ந்த திருவள்ளூர் மாவட்டத்தில் இது இரட்டைத் தலைவலி.

நுண்துளைப் பொடி என்ன செய்கிறது?

1992-ல் மொபில் நிறுவன விஞ்ஞானிகள் எம்சிஎம்-41 என்ற சிலிக்காவை அறிவித்தார்கள். தேன்கூடு மாதிரி, சில நானோமீட்டர் அகலத் துளைகள் கொண்டது. இதன் துளைகளுக்குள் பாலிஅனிலின் என்ற மின்கடத்தும் பிளாஸ்டிக்கை வளர்த்துப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். மின்னூட்டம் துளைக்குள் நகரும்; சிலிக்கா சுவர் அதை வெளியே கசியவிடாது. தண்ணீர் தேவையில்லை. துளைகள் இருப்பதால் துகள் எடை குறைவு. எண்ணெயின் அடியில் சீக்கிரம் படியாது.

இன்னும் என்ன பாக்கி?

ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்கு சில ஆயிரம் வோல்ட் தேவை. பொடி படிவதும் முழுசாக நிற்கவில்லை. இதனால் போட்டியில் முந்தியது காந்தத்தால் இறுகும் திரவம்தான். 2002-லேயே அது காடிலாக் காரின் சஸ்பென்ஷனில் வந்துவிட்டது.

ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியின் சஸ்பென்ஷன்கூட எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் சேர்ந்து இயங்குவதுதான். மின்சாரத்தால் இறுகும் எண்ணெய் அந்த இடத்துக்கு வர வேண்டுமென்றால், வெயில், ஈரம், அதிர்வு மூன்றையும் ஆண்டுக்கணக்கில் தாங்கிக் காட்ட வேண்டும்.