அப்பாவின் பெயரில் பிள்ளையின் கார்

பிரித்தானியாவில் 17 வயதில் கார் ஓட்டப் பழகி டெஸ்டில் பாஸான பிள்ளைக்கு முதலில் கிடைக்கும் அதிர்ச்சி காப்புறுதி விலைதான். ஒப்பீட்டு இணையத்தளத்தில் விவரங்களைப் போட்டால் 2,000 பவுணைத் தாண்டிய தொகை வருவது சாதாரணம். வாங்க நினைத்த பழைய காரே அவ்வளவு விலை போகாது. உடனே வீட்டில் யாராவது சொல்வார்கள்: "அப்பாவின்ர பெயரில போடுவம், இவனை இரண்டாவது டிரைவராச் சேர்த்தாப் போதும்." ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர்கள் ஒருவருக்கொருவர் நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொடுக்கும் யோசனை இது. சட்டத்தின் பார்வையில் இது மோசடி. இதன் விளைவைச் சுமக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

விலை ஏன் இவ்வளவு? விபத்தில் காயப்பட்ட மற்றவருக்குக் கொடுக்கவேண்டிய இழப்பீட்டுக்குப் பிரித்தானியக் கார்க் காப்புறுதியில் உச்சவரம்பு கிடையாது. மூளையிலோ முதுகெலும்பிலோ அடிபட்ட ஒருவரை ஆயுள் முழுதும் பராமரிக்கும் செலவு பல மில்லியன் பவுண் வரை போகும். அனுபவமில்லாத இளம் சாரதிகள், குறிப்பாக இரவில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுபவர்கள், பாரதூரமான விபத்துகளில் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சிக்குகிறார்கள். நம்பத்தக்க தரவு இருக்கும்வரை வயதைப் பார்த்து விலை வைக்கச் சமத்துவச் சட்டமும் இடங்கொடுக்கிறது. ஆணா பெண்ணா என்று பார்த்து விலை வைப்பது மட்டும் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பினால் 2012 டிசம்பர் 21 முதல் நின்றுபோனது. இவற்றுக்கு மேல் 12 சதவீத வரி. பிரீமியத்தின் விகிதத்தில் வரி ஏறுவதால், ஏற்கெனவே அதிகம் கட்டும் இளைஞரே அரசுக்கும் அதிகம் கட்டுகிறார்.

ஆபத்துக்கேற்ற விலை என்பதை ஏற்றுக்கொள்ளலாம். போஸ்ட்கோட்டைப் பார்த்து விலை வைக்கும் விஷயம் அப்படியல்ல. கறுப்பின, ஆசிய மக்கள் பெருமளவில் வாழும் பகுதிகளில் கார்க் காப்புறுதி விலை கூடுதலாக இருப்பதை சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. இனத்தைப் பார்த்து விலை வைப்பதில்லை என்கின்றன நிறுவனங்கள். அப்படியானால் அந்தத் தெருக்களின் விலைக்கு என்ன காரணம் என்று நம் கவுன்சிலர்களும் எம்.பி.க்களும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை, ஊர்ப்புறத்தில் இருக்கும் மாமாவின் முகவரியைக் கொடுத்துப் பாலிசி எடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதுவும் பொய்த் தகவல்தான்.

அப்பா பெயர் விஷயத்தில் எது சரி, எது பிழை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காரைப் பெரும்பாலும் யார் ஓட்டுகிறாரோ அவரே பிரதான சாரதி. அப்பா தினமும் வேலைக்குக் கொண்டுபோகும் காரை மகள் சனிக்கிழமைகளில் எடுக்கிறாள் என்றால், அப்பா பெயரில் பாலிசி எடுத்து மகளைச் சேர்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. அதே கார் வேறு நகரத்தில் அவள் படிக்கும் பல்கலைக்கழக விடுதி வாசலில் வாரம் முழுதும் நின்றால், அப்பாவைப் பிரதான சாரதி என்று எழுதியது பொய். இதைத்தான் காப்புறுதித் துறையில் ஃப்ரன்டிங் என்கிறார்கள்.

விபத்து நடக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். நடந்த பிறகு காப்புறுதி நிறுவனத்தின் விசாரணை அதிகாரி பிள்ளையைக் கேட்பார்: கார் இரவில் எங்கே நிற்கும்? அன்று எங்கே போய்க்கொண்டிருந்தாய்? வழமையாகப் பெற்றோல் போடுவது யார்? 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, தெரிந்தே பொய் சொன்னது நிரூபணமானால் நிறுவனம் பாலிசியைச் செல்லாததாக்கலாம், கட்டிய பிரீமியத்தையும் பொதுவாகத் திருப்பித் தரவேண்டியதில்லை. உங்கள் காருக்கு ஒரு சதமும் கிடைக்காது. எதிரே அடிபட்டவருக்குச் சட்டப்படி கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை நிறுவனம் உங்களிடமே அறவிட வரலாம். பாலிசி செல்லாமற்போனதை, அதன் பின் அதைக் கேட்கும் ஒவ்வொரு காப்புறுதி விண்ணப்பத்திலும் அப்பாவும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் காப்புறுதிக்கும் அந்தக் கேள்வி வரும்.

காப்புறுதி இல்லாமல் ஓட்டிய குற்றமும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். பொலிஸ் கொடுக்கும் தண்டம் 300 பவுண், லைசென்ஸில் 6 புள்ளி. நீதிமன்றம் போனால் தண்டத்துக்கு வரம்பில்லை. காரையும் பறிமுதல் செய்யலாம். 6 புள்ளி என்பது பழைய சாரதி ஒருவர் தாங்கிக்கொள்ளக்கூடியது. புதியவர் தாங்கமாட்டார். 1995ஆம் ஆண்டின் புதிய சாரதிகள் சட்டப்படி, டெஸ்டில் பாஸாகி இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. எல் பலகையை மறுபடி மாட்டி, கோட்பாட்டுப் பரீட்சையிலும் ஓட்டப் பரீட்சையிலும் திரும்பப் பாஸாக வேண்டும். அதன் பிறகு கேட்கப்போகும் பிரீமியத்தோடு ஒப்பிட்டால் முதலில் பயமுறுத்திய தொகை சிறிதாகத் தெரியும்.

அடுத்த பொறி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டகிராமிலும் இருக்கிறது. "பாதி விலைக்குச் செய்துதருகிறேன்" என்று தொடர்புகொள்ளும் போலி முகவர்களை இங்கே கோஸ்ட் புரோக்கர் என்கிறார்கள். சிலர் பத்திரத்தையே போலியாக அச்சடிப்பார்கள். சிலர் உண்மையான நிறுவனத்தில், உங்கள் வயதையும் முகவரியையும் மாற்றி எழுதிப் பாலிசி எடுப்பார்கள். இன்னும் சிலர் ஒழுங்காக எடுத்துக் காட்டிவிட்டு, சில நாளில் ரத்துச் செய்து திரும்பிய பணத்தைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள். வீதிக் கமரா நம்பர் பிளேட்டைப் படித்துக் காப்புறுதி இல்லை என்று காட்டும் நாளில்தான் பிள்ளைக்கு விஷயம் தெரியவரும். "எனக்குத் தெரியாது, ஏமாந்துவிட்டேன்" என்பது சட்டத்தில் தப்பிக்கும் வழி அல்ல. தெரிந்த குடும்பம், நம்ம ஆள், தமிழில் பேசுகிறார் என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது. பணம் கட்டுமுன் நிதி ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.ஏ.யின் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய பிறகு, பாலிசியில் உள்ள நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி அழைத்து விவரங்களைச் சரிபாருங்கள். ஏமாந்திருந்தால் இன்ஷூரன்ஸ் ஃப்ரோட் பியூரோவின் சீட்லைன் என்ற முறைப்பாட்டுச் சேவையில் முறையிடலாம்.

புதிதாக வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலங்கை, இந்திய லைசென்ஸை இங்கே குடியிருப்பவராகி 12 மாதம்வரைதான் பயன்படுத்தலாம். நேரடியாக மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதற்குள் இங்கே டெஸ்டில் பாஸாகிவிடுங்கள். விண்ணப்பத்தில் எந்த நாட்டு லைசென்ஸ் என்பதை மறைக்காதீர்கள். சொந்தக் காரில் உணவு டெலிவரி செய்பவர்கள், சாதாரணப் பாலிசி அந்த வேலைக்குச் செல்லாது என்பதை மனதில் வையுங்கள். டெலிவரிக்கான உணவுப் பை பின் சீற்றில் இருக்கும்போது பொலிஸ் மறித்தால் நீங்கள் காப்புறுதி இல்லாதவர்.

நேர்மையாகவே விலையைக் குறைக்க வழிகள் உண்டு. கார்களை 1 முதல் 50 வரை காப்புறுதிக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் காருக்குக் குறைந்த குழுவையே தேடுங்கள். பிரதான சாரதி பிள்ளைதான் என்று உண்மையை எழுதி, நல்ல அனுபவமுள்ள அம்மாவையோ அப்பாவையோ இரண்டாவது சாரதியாகச் சேர்த்தால் பல சமயம் விலை இறங்கும், அவர்களும் இடையிடையே உண்மையில் ஓட்டுவதாக இருந்தால். மூன்றாம் தரப்புப் பாலிசிதான் மலிவு என்று எண்ணாதீர்கள், முழுக் காப்புறுதி அதைவிடக் குறைவாக வருவதுண்டு. தொடங்கும் நாளுக்குச் சுமார் மூன்று வாரம் முன்பே விலை கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் ஏறியிருக்கும். முடிந்தால் ஒரே தடவையில் கட்டுங்கள், மாதத் தவணைக்கு அநேகமாக வட்டி உண்டு. வேகத்தையும் பிரேக்கையும் ஓட்டும் நேரத்தையும் பதியும் பிளாக் பொக்ஸ் பாலிசி இளையவர்களுக்குப் பெரும்பாலும் மலிவு. ஆனால் நிபந்தனையை வாசியுங்கள்: தொடர்ந்து வேகமாக ஓட்டினால் நிறுவனமே பாலிசியை ரத்துச் செய்யலாம். நாள் முழுக்கப் படித்துவிட்டு நடுச்சாமத்தில் சூப்பர்மார்க்கெட் வேலை முடிந்து வரும் பிள்ளைக்கு இரவு ஓட்டத்தைத் தண்டிக்கும் பெட்டி பொருந்துமா என்றும் பாருங்கள்.

உங்கள் கையிலும் உரிமைகள் இருக்கின்றன. பாலிசி எடுத்து 14 நாளுக்குள் மனம் மாறினால் விலகலாம். காப்புறுதி இருந்த நாட்களுக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கழிப்பார்கள். பழைய வாடிக்கையாளரிடம், அதே வழியில் வரும் புதியவரைவிடக் கூடுதல் புதுப்பித்தல் விலை கேட்பதை எஃப்.சி.ஏ. 2022 ஜனவரி முதல் தடுத்திருக்கிறது. தவறான தகவல் வேண்டுமென்றே சொன்னதா, கவனக்குறைவா என்பதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. கவனக்குறைவு என்றால் பெரும்பாலும் இழப்பீட்டை விகிதப்படி குறைக்கலாமே தவிர, எல்லாவற்றையும் மறுத்துவிட முடியாது. நிறுவனம் மறுத்தால் எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ நிதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். இறுதிக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஆறு மாத அவகாசம். ஒரு பென்ஸும் செலவில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

உங்கள் வீட்டில் இப்போதே பிழையான பெயரிலோ முகவரியிலோ ஒரு பாலிசி ஓடிக்கொண்டிருந்தால், விபத்துவரை காத்திருக்காமல் இன்றே நிறுவனத்தை அழைத்து உண்மையைச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். கூடுதல் பணம் கேட்கலாம், பாலிசியை நிறுத்தவும் கூடும். சரியான பாலிசி கைக்கு வரும்வரை கார்ச் சாவியைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.