கிரேக்க வினையின் பாங்கும் தொக்குநின்ற செயப்படுபொருளும்

வினை காலங் காட்டும் என்பது தமிழிலக்கணங் கற்றார் யாவரும் அறிந்ததே. பண்டைக் கிரேக்கத்திலோ வினையடி காலத்தைக் காட்டிலும் செயலின் பாங்கையே முதற்கண் உணர்த்தும். நிகழ்கால அடி செயலை நடைபெற்றுக்கொண்டிருப்பதாகவும், 'அயோரிஸ்து' அடி அதனை முழுமையான ஒன்றாகவும், நிறைவடி செயல் முடிந்தபின் எஞ்சும் நிலையாகவும் காட்டும்.

'எபெய்தொன்', 'எபெய்ச' என்பன இரண்டும் இறந்தகாலத் தன்மை ஒருமையில் வருவன. முதலிலுள்ள எகரமே அக்காலத்தின் அடையாளம். ஆயினும் முன்னது பெரும்பாலும் 'இணங்குவிக்க முயன்றேன்' என்றும், பின்னது 'இணங்குவித்தேன்' என்றும் பொருள்படும். முன்னதைக் கொண்டு உடன்பாடு ஏற்பட்டதென வரலாறு எழுதுவோன் நிகழாததை நிகழ்ந்ததாக்குவான்.

இனி, சூழலால் விளங்குமிடத்துச் செயப்படுபொருளைக் கிரேக்கர் கூறாது விடுவர். 'கனியைப் பறித்தான், உண்டான்' எனத் தமிழிலும் இவ்வாறு வருதலுண்டு. சிலவிடத்து அவ்விடுபாடு வழக்காகவே நிலைத்துவிட்டது. கி.மு. 401இற் சைரசு நடத்திய படையெடுப்பைக் கூறும் 'அனாபசிஸ்' நூலிற் செனொபொன் 'எக்செலௌனெய்' என்பதைப் பலகாலும் வழங்குகின்றார். நேர்ப்பொருள் 'வெளியே செலுத்துகின்றான்' என்பது. செலுத்தப்படும் படை தொக்கு நிற்றலின், 'படையொடு செல்கின்றான்' என்பதே கருத்தாகும். 'முடித்தல்' எனப் பொருள்படும் 'தெலெவுதாவோ' என்னும் வினையும், 'வாழ்வை' என்பது தொக்கு நிற்க, 'இறத்தல்' என்னும் பொருளைப் பெற்றது.

ஆகவே கிரேக்க நூலை மொழிபெயர்ப்போர்க்குக் காலமறிதல் மட்டும் போதாது. செயல் முற்றியதோ என்பதை அடியினாலும், அது எதன்மேற் சென்றது என்பதைச் சூழலாலும் தெளிதல் வேண்டும்.