வீட்டு லேத்தும் தேய்ந்த பற்சக்கரமும்

பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்த நம்மவரில் தொழிற்கூடங்களில் லேத்தின் முன் நின்றே வாழ்நாளைக் கழித்தவர்கள் பலர். ஓய்வு பெற்ற பின்னும் அவர்களுடைய கைகள் சும்மா இருக்கச் சம்மதிப்பதில்லை. அடியேனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே. 34 ஆண்டுகள் பெரிய லேத்துகளோடு பழகிவிட்டு, ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு சிறிய லேத் ஒன்றை வாங்கி, வீட்டு பால்கனியில் வைத்தேன். "இந்தப் பணத்துக்கு ஒரு தையல் மெஷினாவது வாங்கியிருக்கலாமே" என்றாள் இல்லத்தரசி. அதற்குத் தக்க விடை என்னிடம் இன்றளவும் இல்லை.

இப்போது பொழுதுபோக்குக்காரர்கள் வாங்கும் சிறிய லேத்துகளில் பெரும்பாலானவை சீனத்தில் செய்யப்பட்டவை. மேலே ஒட்டியிருக்கும் பெயர்கள் பல; வண்ணங்களும் பல. உள்ளே பார்த்தாலோ எல்லாம் உடன்பிறப்புகள். எடை ஏறத்தாழ 40 கிலோ. ஸ்பிண்டில் எனப்படும் சுழல்தண்டில் 20 மில்லிமீட்டர் துளை. அத்தண்டை இருபுறமும் தாங்குபவை 6206 எண்ணுள்ள இரண்டு பேரிங்குகள். மோட்டாரின் விசையைத் தண்டுக்குக் கொண்டுசெல்லும் பற்சக்கரங்கள் பல மாதிரிகளில் பிளாஸ்டிக்கால் ஆனவை. இதைக் கண்டபோது, இரும்புப் பற்சக்கரங்களையே பார்த்து வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லவே இக்கட்டுரை.

பக்கத்துக் கட்டிடத்து மாமியின் மாவாட்டும் கிரைண்டரில் புஷ் தேய்ந்துவிட்டது. புதிய புஷ் கடைந்து தருவதாக வாக்களித்து, எஃகு உருளையைச் சக்கில் பூட்டி, துளையிட்டு, கடைசியாகத் துண்டிக்கும் உளியை உள்ளே செலுத்திக்கொண்டிருந்தேன். உளி திடீரென்று கவ்விக்கொண்டது. சக் நின்றுவிட்டது, மோட்டார் நிற்கவில்லை. 'கறக் கறக்' என்ற ஓசை. மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு பற்சக்கரம் மூன்று பற்களை இழந்து, பொக்கை வாயோடு என்னைப் பார்த்தது.

பிளாஸ்டிக்கின் தரக்குறைவே காரணம் என்று தீர்மானித்து, இரும்புப் பற்சக்கரத் தொகுதியை வரவழைத்துப் பூட்டினேன். ஓசை சற்று அதிகமாயிற்று. ஆனால் மனத்துக்குத் தெம்பாக இருந்தது. இரண்டு மாதங்களுக்குள் உளி மறுபடியும் கவ்வியது. இம்முறை பல் உடையவில்லை. மோட்டாரை இயக்கும் மின்கட்டுப்பாட்டுப் பலகை கருகிற்று. பற்சக்கரத்தின் விலையைப் போல் பல மடங்கு அதற்குச் செலவு.

பிளாஸ்டிக் பற்சக்கரம் மின்சாரத்தில் பியூஸ் கம்பி செய்கிற வேலையைச் செய்கிறது என்பது அப்போதுதான் புத்தியில் ஏறியது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று அவ்விடத்தில் ஆணியை வைத்துக் கட்டுபவனை நாம் என்ன சொல்வோம்? அதே காரியத்தைத்தான் நானும் செய்திருந்தேன். இப்போது பிளாஸ்டிக் சக்கரமே பூட்டியிருக்கிறேன். உபரியாக இரண்டை மேசை அறையில் வைத்திருக்கிறேன். சிறிய லேத்தில் துண்டிக்கும் வேலைக்குக் கூரான உளியும், குறைந்த வேகமும், நிறைய எண்ணெயும் வேண்டும். அல்லது சக்கில் வைத்தபடியே மோட்டாரை நிறுத்திவிட்டுக் கைரம்பத்தால் அறுத்துவிடலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

மாற்றுச் சக்கரம் வாங்கும்போது பற்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. பல்லின் பருமனும் ஒத்திருக்க வேண்டும். இதனை மாடியூல் என்பர். சக்கரத்தின் வெளிவிட்டத்தை, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 60 பற்களுள்ள சக்கரம் 62 மில்லிமீட்டர் இருந்தால் மாடியூல் 1. இவ்வகை லேத்தில் மரை வெட்டுவதற்கான சக்கரங்கள் இந்த அளவுடையவையே. அவற்றைப் பூட்டும்போது, இரு சக்கரங்களுக்கும் இடையே சாதாரண எழுதும் தாள் ஒன்றைச் செருகி, அழுத்தி வைத்துத் திருகை முடுக்கிவிட்டுத் தாளை உருவிவிடுங்கள். வேண்டிய இடைவெளி தானாக அமைந்துவிடும்.

இனிப் பேரிங். உளி கவ்விய அதிர்ச்சிகளால் தண்டில் ஆட்டம் கண்டிருந்தது. சக்கின் மேல் டயல் கேஜை வைத்து, ஒரு மரத்தடியால் நெம்பிப் பார்த்தபோது முள் 0.05 மில்லிமீட்டர் நகர்ந்தது. கடைந்த பொருளின் மேல் சிற்றலை போன்ற வரிகள் விழுந்ததன் மூலம் இதுவே.

மஸ்ஜித் நிலையத்தில் இறங்கி நாக்தேவி வீதிக்குச் சென்றால் பேரிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணைச் சொன்னால் போதும். 6206இன் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், அதாவது 30 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 62, அகலம் 16. இதே அளவில் 7206 என்ற சாய்தொடுகைப் பேரிங்கும் உண்டு. பக்கவாட்டு அழுத்தத்தையும் அது தாங்குமாதலால் நட்டை முடுக்கி ஆட்டத்தை அடியோடு நீக்கலாம். 30206 என்ற கூம்புருளைப் பேரிங் இன்னும் வலியது. ஆனால் அகலம் 17.25 மில்லிமீட்டர் ஆகையால் உள்ளே இருக்கும் இடைவளையத்தைக் குறைத்துக் கடைய வேண்டும். லேத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு இடைவளையத்தை எந்த லேத்தில் கடைவது? நான் 7206ஐத் தேர்ந்தேன். அவற்றின் வெளிவளையங்களின் தடித்த பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி உட்புறம் அமைய வேண்டும். அவை திறந்த பேரிங்குகள். கிரீஸ் நாமே இட வேண்டும், இரும்புத்தூள் நுழையாமல் மூடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்இணைப்பை அறவே துண்டித்த பிறகே எதையும் கழற்றலாம். தண்டைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றக் கூடாது. தண்டின் துளை வழியே நீண்ட மரைக்கம்பியைச் செலுத்தி, இடப்புறம் தண்டின் முனையைவிடச் சிறிய வாஷரும், சக் பக்கம் பேரிங்கைவிட அகன்ற குழாயும் பட்டையும் வைத்து நட்டை முடுக்கினால், தண்டு வலப்புறமாக வந்துவிடும். இப்படி இழுக்கையில் விசை குண்டுகளின் வழியே பாய்கிறது; ஆகவே வெளிவந்த பழைய பேரிங்கை மறுபடியும் பூட்டாதீர்கள். புதியதைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும், வார்ப்பில் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம் படவேண்டும். இதை மாற்றிச் செய்தால் ஓடுதடத்தில் குழி விழுந்து, புதிய பேரிங் முதல் நாளே கிழடாகிவிடும்.

அழுத்தமே அதிகம் தேவைப்படாதபடி செய்வது அதனினும் நன்று. தண்டைத் தாளில் சுற்றி ஒரு இரவு குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தேன். பேரிங்கை மின்விளக்கின் மேல் வைத்துக் கைபொறுக்காத அளவு சூடாக்கினேன். தட்டாமலே நழுவி அமர்ந்தது. இல்லத்தரசி மட்டும், பட்டாணிக்கு அருகில் இரும்பைக் கண்டு ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினாள்.

தண்டை உள்ளே செலுத்தும்போதே பற்சக்கரங்களையும் இடைவளையங்களையும் மாலையில் மணி கோப்பதுபோல வரிசை தவறாமல் கோத்துவர வேண்டும். நான் ஒரு வளையத்தை மறந்து, முழுவதையும் மீண்டும் கழற்றினேன். பிரிக்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

நட்டைச் சிறிது சிறிதாக முடுக்கி, குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, தலைப்பகுதியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பானால் சரி, கை வைக்க முடியாமல் சுட்டால் முடுக்கம் மிகுதி. எனக்கு மூன்றாம் முறை சரியாக அமைந்தது. டயல் கேஜின் முள் இப்போது 0.01 மில்லிமீட்டருக்கு மேல் நகரவில்லை. மாமியின் புஷ்ஷை மறுநாள் கடைந்தேன். துண்டிக்கும் வேலையைக் கைரம்பத்துக்கே விட்டேன். மாமி வீட்டு இட்லி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது.