காருக்குள் ஏன் இவ்வளவு இரைச்சல்?

வேதாரண்யத்திலிருந்து வயதான அம்மாவைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காரில் அழைத்து வருகிறீர்கள். கண்ணாடியெல்லாம் ஏற்றியாகிவிட்டது, ஏ.சி. ஓடுகிறது. ஆனாலும் பின் சீட்டிலிருந்து அவர் சொல்வது உங்கள் காதில் விழவில்லை. இறங்கும்போது இருவருக்கும் தலை கனக்கிறது. இந்த இரைச்சலைக் குறைக்க முடியும். அதற்குப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

இன்ஜின் சத்தம்தானே இது? பெரும்பாலும் இல்லை. 40, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால், டயர் சாலையில் உருளும் சத்தம்தான் மேலோங்கும். மின்சாரக் கார் வாங்கியவர்கள் சாலைச் சத்தம் அதிகம் கேட்கிறது என்பதும் இதனால்தான். அதை மறைக்க அங்கே இன்ஜின் ஓசை இல்லை.

அது உள்ளே எப்படி வருகிறது? இரண்டு வழியில். ஒன்று காற்று வழி: கதவிடுக்கிலும் கண்ணாடியிலும் புகுந்து 'சர்ர்' என்று கேட்கும். இன்னொன்று இரும்பு வழி: டயரின் அதிர்வு சஸ்பென்ஷன் (சக்கரத்தையும் பாடியையும் இணைக்கும் ஸ்பிரிங் அமைப்பு) மூலம் ஏறி, தரைத் தகட்டையும் கதவுத் தகட்டையும் அதிரவைத்து 'கும்ம்' என்று கேட்கும். கும்பகோணத்துப் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும், உள்ளங்கையை வைத்தால் சட்டென்று அடங்கும் அல்லவா? காரின் தகடும் அப்படித்தான்.

அதே கார் தஞ்சை–திருச்சி நான்குவழிச் சாலையில் அமைதியாகப் போகிறதே, ஊர்ப் பக்கம் வந்தால் மட்டும் ஏன் கத்துகிறது? வாய்க்கால் கரைச் சாலைகளில் பெரிய ஜல்லி மேலே துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கல்லும் டயரை ஒரு தட்டு தட்டும். அடியில் இருப்பதோ களிமண். மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அந்த மண் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தார் எத்தனை புதிதானாலும் அலை அலையாகிவிடும். இதில் காரின் குற்றம் எதுவும் இல்லை.

அந்தச் சாலையில் உங்கள் கையில் இருப்பது வேகம். 80-லிருந்து 60-க்கு இறங்கினால் டயர் சத்தம் ஏறக்குறைய 4 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும் என்பதால், 4 நன்றாகவே தெரியும் வித்தியாசம்.

கடைக்குப் போகுமுன் சத்தம் எதனுடையது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வழவழப்பான சாலையிலும் சொரசொரப்பான சாலையிலும் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சாலை மாறும்போது சத்தமும் மாறினால் டயரும் தகடும்தான் காரணம். இரண்டிலும் ஒரே மாதிரி 'ஊம்ம்' என்று கேட்டால் சக்கர பேரிங் (அச்சைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையம்) மீது சந்தேகப்படுங்கள். ஆளில்லாத சாலையில் மெதுவாக இடப்பக்கம் வளைக்கும்போது ஓசை கூடினால், பாரம் ஏறும் வலப்பக்க பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் இறக்கி ஏற்றிய கார்களுக்கு இது வரும். தள்ளிப்போடாதீர்கள். இது காதுக்குத் தொல்லை என்பதோடு நிற்காது, சக்கரத்தின் பாதுகாப்பைப் பற்றியது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு காரணம் சேறு. நடவு நேரத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டர் சாலை முழுக்கச் சேற்றைச் சிந்திவிட்டுப் போகும். அது உங்கள் ரிம்மின் உட்புறத்தில் அப்பி, மறுநாள் வெயிலில் ஓடுபோல் இறுகிவிடும். சக்கரத்தின் ஒரு பக்கம் எடை கூடுவதால் 70, 80-இல் ஸ்டீயரிங் நடுங்கும், தரை அதிரும். உடனே பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) செய்ய ஓடாதீர்கள். முதலில் குழாயைச் சக்கரத்தின் பின்பக்கம் பிடித்து, இறுகிய மண்ணைக் குச்சியால் தட்டிக் கழுவுங்கள். பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல், உளுந்துச் செடிமேல் ஏற வேண்டி வரும். பிறகு அடியில் 'சரசர' என்று கேட்டால் உடனே ஓரம் கட்டிக் குனிந்து பாருங்கள். சூடான சைலன்சரில் சுற்றிக்கொண்ட வைக்கோல் தீப்பிடிக்கும்.

டயரில் என்ன பார்ப்பது? முதலில் காற்று. எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். மைலேஜுக்காக அதற்கு மேல் ஏற்றினால் டயர் விறைத்து, ஒவ்வொரு கல்லையும் உள்ளே சொல்லும். காலையில் வண்டி எடுக்குமுன் பார்ப்பதே சரியான அளவு. அடுத்து வயது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பழைய ரப்பர் இறுகிவிடும், சத்தமும் கூடும். பிறகு, டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம்போல் உறுத்தினால் தேய்மானம் சீராக இல்லை. வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பாருங்கள். டயர்களை முன்பின்னாக மாற்றிப் போடுங்கள். புது டயர் வாங்கும்போது அழகுக்காக அகலமானதைப் போடாதீர்கள். அகலம் கூடினால் பொதுவாக இரைச்சலும் கூடும்.

கதவின் பீடிங் (சுற்றியுள்ள ரப்பர் பட்டை) சரியாக இருக்கிறதா? ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தாள் இடறாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. பட்டையைத் துடைத்தாலே சில நேரம் போதும். வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் இரைந்தால் மட்டும் டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஒட்டுப்படலம்) போடலாம். கார் முழுவதும் ஒட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார், அவசியமில்லை. தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும் தகடுகளின் நடுப்பகுதியில் ஒட்டினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். ஹேட்ச்பேக் காரில் டிக்கியும் உட்காரும் இடமும் ஒரே அறை என்பதால், ஸ்டெப்னி குழியிலும் பின்சக்கர வளைவுகளிலும் தொடங்குங்கள். மலிவான தார் ஷீட் சித்திரை வெயிலில் இளகி நாறும். அலுமினியப் படலம் போட்ட பியூட்டைல் ரப்பர் ஷீட்டே கேளுங்கள்.

வேலை நடக்கும்போது அருகில் நின்று இரண்டைக் கவனியுங்கள். கதவின் அடியில் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் உண்டு. அவற்றை மூடி ஒட்டிவிட்டால் தண்ணீர் தேங்கிக் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கார்ப்பெட்டின் அடியில் உள்ள மெத்தை ஈரமாக இருந்தால், வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே தரையில் ஷீட் ஒட்டச் சொல்லுங்கள்.