பட்டா இல்லாதவரின் இழப்பு

2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது. இத்தகைய தருணங்களில் இழப்பீட்டுக் கணக்கு பெரும்பாலும் பட்டாவிலிருந்தே தொடங்குகிறது. அவ்வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் நிலமற்ற தலித் பெண்களின் கூலி அக்கணக்கில் ஏறுவது அரிது.

சட்டம் இவர்களை விட்டுவிடவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் இரண்டாம் அட்டவணை வேலையிழப்பையும் இழப்பீட்டுக்குரியதாகச் சேர்த்துள்ளது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஓர் அமைப்போ ஐந்தாண்டுகளுக்குள் சென்னை அமர்வை அணுகலாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரும் உண்டு.

சிக்கல் சான்றில்தான். நடவுக் கூலிக்கு ரசீது ஏது? ஆகவே சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர், இழந்த வேலைநாள்களைத் தொழிலாளரிடமே கேட்டுப் பிரமாணப் பத்திரமாக்க முதலில் கற்க வேண்டும். சூரிய மின் நிறுவனங்களில் பணி தேடுவோர்க்கும் இது பொருந்தும். அங்கும் குத்தகைப் பத்திரத்தில் இருப்பது நிலவுடைமையாளர் பெயரே.