உடம்பில் வாழும் கிருமியும் சீழ்க்கட்டியும்

குன்னத்தூர் வட்டாரத்தில் தறியில் அமர்பவருக்கும் வயலில் இறங்குபவருக்கும் கையும் காலுமே மூலதனம். காலில் தைத்த வேலமுள்ளையும் விரலில் ஏறிய தையல் ஊசியையும் நாம் பெரிதாகக் கருதுவதில்லை. சில நாட்களில் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கோத்துக்கொண்ட பின்னரே, இந்நோய் எங்கிருந்து வந்தது என்று வினவுகிறோம். பல சமயங்களில் அது வெளியிலிருந்து வந்ததன்று; நம் உடம்பிலேயே குடியிருந்த கிருமியின் வேலையாகும்.

தோல், மூக்கு, வாய், குடல் ஆகிய இடங்களில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில நமக்கு நன்மையும் செய்கின்றன. சீழ்க்கட்டிக்கு முதன்மையான காரணமாகிய ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமியும், ஏறத்தாழப் பத்துப் பேரில் மூவரின் மூக்கினுள் யாதொரு தொல்லையுமின்றித் தங்கியிருக்கிறது. ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880இல் சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதனைக் கண்டார். அது திராட்சைக் கொத்துப் போலத் தோன்றியமையால், அப்பொருள் தரும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1882இல் பெயரிட்டார்.

வாய்க்காலில் ஓடும் நீர் பயிரை வளர்க்கிறது. கரை உடைந்தால் அதே நீர் பயிரை அழிக்கிறது. நம் உடம்புக்குத் தோலே கரை. அது கிழிந்து கிருமி உள்ளே புகுந்ததும், இரத்தத்தின் வெள்ளணுக்கள் திரண்டு எதிர்க்கின்றன. மடிந்த அணுக்களும் கிருமிகளும் சிதைந்த தசையும் சேர்ந்ததே சீழ். உடம்பு அதனைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கிருமி பரவாமல் தடுக்கிறது. ஆயினும், நாம் உண்ணும் மருந்தும் அச்சுவரைக் கடந்து எளிதில் உட்புகுவதில்லை. ஆதலின்தான் மருத்துவர் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றுகிறார். நாமே பிதுக்கினால் கிருமி உட்புறம் பரவி, இரத்தத்தில் கலந்து, எலும்பு, நுரையீரல், இதய வால்வு வரை செல்லக்கூடும். இவ்வாறே சொத்தைப் பல்லின் வழியே வாய்க்கிருமி தாடையிலும், குடல்வால் வெடித்தால் குடற்கிருமி வயிற்றறையிலும் கட்டியை உண்டாக்கும்.

இதன் கொடுமைக்கு ஒரு சான்று: 1941இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், முகமெல்லாம் சீழ்க்கட்டி கண்ட காவலர் ஒருவருக்குப் பெனிசிலின் செலுத்தப்பட்டது. அவர் தேறி வந்தார். மருந்து தீர்ந்து போகவே நோய் மீண்டு, உயிர் நீத்தார். இன்று மருந்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும், இக்கிருமிகளுள் பெரும்பாலானவை இப்போது பெனிசிலினுக்கு அடங்குவதில்லை. கடையில் தாமே கேட்டு வாங்கும் மாத்திரையை நம்புவது தகாது.

நீரிழிவு உடையோர் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். காலில் உணர்ச்சி குன்றியிருப்பின் முள் தைத்ததும் தெரியாது. புண்ணும் விரைவில் ஆறாது. அவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வது நலம்.

காயம் பட்டவுடன் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவித் துப்புரவான துணியால் மூடுக. சாணம், சுண்ணாம்பு முதலியவற்றை அப்புதல் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், பரவும் சிவப்பு, மிகுதியான வலி ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரை நாடுக. ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்குவோர் உளர். தயங்கிய கட்டி ஒரு விரலையே கொண்டுபோனால், அதன் பின்னர் இழக்கும் கூலிக்குக் கணக்கேது?