வித்திலை காட்டும் இனம்

நம் குழந்தைகள் பள்ளியில் பிறமொழியில் கற்கும் தாவரப் பாடமொன்றை வீட்டில் தமிழிலேயே நாம் விளக்கலாம். ஊறிய மொச்சையின் தோலை உரித்தால் இரு பருப்பாகப் பிரியும், அவையே வித்திலைகள். மக்காச்சோளம் அவ்வாறு பிரியாது. அதன் வித்திலை ஒன்றே.

இவ்வேற்றுமையை 1682-ஆம் ஆண்டு நூலில் எடுத்துரைத்தவர் ஆங்கிலேய அறிஞர் ஜான் ரே. ஒருவித்திலைச் செடிகளின் இலைநரம்புகள் பெரும்பாலும் இணையாக ஓடும். இருவித்திலைச் செடிகளில் வலையாகப் பின்னும். மிளகும் செண்பகமும் இருவித்திலை உடையனவாயினும், மொச்சையின் கிளையைச் சேராதவை என்று 1998-இல் மரபணு ஆய்வு வழி வகுத்தனர்.

தொல்காப்பிய மரபியலோ, புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என்று வகுத்தது. அவ்வழிப் புல்லாகும் பனையும் மூங்கிலும் ஒருவித்திலையினவே!

இன்றிரவே விதைகளை ஊறவைப்போம். வித்திலை என்னும் சொல்லும் குழந்தைகள் நாவில் முளைக்கட்டும்.